மொட்டைமாடிக் குடையில் விளக்குச் சரம் கட்டுவது எப்படி?

கொழும்பு வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த மொட்டைமாடி, அங்கே ஒரு பெரிய குடை. அதில் விளக்குப் போட்டால் மழைக்கு ஷாக் அடிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வீட்டுக் கரண்ட் 230 வோல்ட். நனைகிற குடைக்கு அதைக் கொண்டுபோகவே வேண்டாம். சோலார் சரமோ, பவர் பேங்கில் எரியும் 5 வோல்ட் எல்ஈடி சரமோ தாராளமாகப் போதும். சோலார் என்றால் அதன் பலகை குடைக்கு மேலே, வெயில் படும்படி இருக்கவேண்டும். பவர் பேங்க் என்றால் வாங்குமுன் பொருத்திப் பாருங்கள்; சரம் மிகக் குறைவான கரண்ட் இழுத்தால் சில பவர் பேங்குகள் தாமாகவே நின்றுவிடும்.

சரி, கட்டுவது சுலபம். குடையை விரித்து, உச்சியில் தொடங்கி ஒவ்வொரு கம்பியோடும் நுனிவரை போய்த் திரும்புங்கள். மூட்டுகளில் வயரைத் தளர்வாக விடுங்கள், இல்லாவிட்டால் மடக்கும்போது அறுந்துவிடும். கேபிள் டையைவிட வெல்க்ரோ பட்டிதான் எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் அடிக்கடி கழற்றவேண்டி வரும்.

அப்புறம், உப்புக்காற்று. இணைப்புகள் சீக்கிரம் துருப்பிடிக்கும், அதனால் ஐபி65 (தூசியும் பீய்ச்சும் தண்ணீரும் புகாது என்பதற்கான குறியீடு) என்று குறித்த சரமாகப் பார்த்து வாங்குங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று பலமாக அடிக்கும். அந்த மாதங்களில் குடையை மடக்கி, சரத்தை வீட்டுக்குள் வைத்துவிடுங்கள்.