பாலத்தை முன்கூட்டிப் பார்ப்பது

வணக்கம் ஐயா. இந்த ஆண்டு பினாங்குப் பாலத்து மராத்தானில் 21 கிலோமீட்டர் பிரிவுக்கு முதன்முறையாகப் பெயர் கொடுத்திருக்கிறேன். ஓடப்போகும் பாதையை முன்பே ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று நீங்கள் சொல்வதுண்டு. மற்ற நாள்களில் பாலத்தின் மேல் ஆள் நடக்கவே அனுமதி இல்லையே? வேலைக்காக அன்றாடம் காரில் அதைக் கடக்கிறவன் நான், அது போதாதா?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

போதாது. சொல்லப்போனால், காரில் கடந்து பழகியதுதான் உங்களுக்கு இடைஞ்சல். 1985இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் மொத்த நீளம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கிலோமீட்டர் கடலின் மேல் போகிறது. கீழே கப்பல்கள் போய்வர வேண்டும் என்பதால், 225 மீட்டர் நீளமுள்ள நடுக்கண்ணை, அதாவது நடுக் கோபுரங்களுக்கு இடைப்பட்ட பகுதியை, நீர்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 33 மீட்டர் உயரத்தில் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். அந்த ஏற்றம் கார் எஞ்சினுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆகவே ஓட்டுகிறவருக்கும் அது தெரிவதில்லை. என் முதல் ஓட்டத்துக்கு முந்தின நாள் நானும் மைத்துனரின் காரில், குளிர்சாதனக் காற்றில் பேசிக்கொண்டே போய்வந்து, பாலம் வீட்டுக் கூடத்துத் தரையைப் போலச் சமமாக இருப்பதாக முடிவு கட்டியிருந்தேன். அன்றிரவு, வடங்களைத் தாங்கும் கோபுரங்கள் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தும் ஓட ஓட அருகில் வராமல் நின்றபோதுதான் நான் மேட்டில் ஏறிக்கொண்டிருப்பது புரிந்தது. காரில் 'டொக்' என்ற சத்தமாக மட்டுமே கேட்ட, பாலத்தின் தளத் துண்டுகளுக்கு நடுவே உள்ள இணைப்புப் பட்டை, காலுக்கடியில் ஈரமான இரும்பாக வழுக்கியது.

நடக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி உண்டு. 2019 முதல் அதற்குக் கட்டணமும் இல்லை. நண்பர் ஒருவரை ஓட்டச் சொல்லிவிட்டுப் பின்னால் உட்கார்ந்து போய் வாருங்கள். நடுவில் நிறுத்தக் கூடாது, நிறுத்தவும் வேண்டாம். பக்கவாட்டுக் காற்று எங்கே தள்ளத் தொடங்குகிறது, எஞ்சினின் குரல் எந்த இடத்தில் கனக்கிறது என்பதைக் கவனித்தால் போதும். போட்டி தொடங்குவது விடிவதற்கு வெகு முன்பு என்பதால், நீங்கள் போவதும் இரவாக இருக்கட்டும். பாலத்தின் மேலேயே திரும்பி வரும் பாதையானால், திரும்பும் இடம் நடுக்கண்ணுக்கு முன்னா, பின்னா என்று ஏற்பாட்டாளர்கள் இந்த ஆண்டு வெளியிட்ட படத்தில் பாருங்கள். பின்னால் என்றால் அதே மேட்டை நீங்கள் இரண்டு முறை ஏற வேண்டும்; இரண்டாம் முறை ஏறும் கால்கள் முதல் முறை ஏறியவையாக இருக்காது.

தண்ணீர்மலைப் பக்கம், தாவரவியல் பூங்காவிலிருந்து ஏறும் ஜீப் பாதையில் பழகினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நண்பர்கள் சொல்வார்கள். அது மூச்சை முட்டவைக்கும் செங்குத்து. பாலத்தின் ஏற்றமோ நீண்டு, மெதுவாக, உங்களை ஏமாற்றிக்கொண்டே உயர்வது. அதற்கு உங்கள் ஊரில் நடைபாதை உள்ள ஒரு மேம்பாலத்தைத் தேடி, பத்துக் கிலோமீட்டர் ஓடிக் களைத்த பிறகு அதில் ஏறிப் பாருங்கள். போட்டிக்கு முந்தின வாரம் மட்டும் வேண்டாம்.