டிராக்டர் உங்களுடையது, ஓடுவது மச்சான் தோட்டத்தில்

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் 4 ஏக்கரில் மஞ்சளும் தென்னையும் வைத்திருக்கிறேன். 8 மாதங்களுக்கு முன் டீலரிடம் 24 எச்.பி. பழைய மினி டிராக்டர் 2.8 லட்சத்துக்கு வாங்கினேன். கையில் இருந்த 80,000 போக, மீதி 2 லட்சத்துக்கு அவரே ஃபைனான்ஸ் பிடித்துக் கொடுத்தார். 14 சதவீத ஃபிளாட் வட்டி (அசல் குறைந்தாலும் முழுத் தொகைக்கும் வட்டி), 36 மாதம், தவணை 7,889. கிளட்ச் இரண்டு முறை, ஹைட்ராலிக் ஒரு முறை என்று 62,000 செலவு. மனைவியின் நகையை ஒன்றரை வட்டிக்கு அடகு வைத்துத்தான் கட்டினேன். இப்போது கரும்புகை வருகிறது, இழுவை இல்லை. டீலர் இன்ஜின் போர் வேலைக்கு (தேய்ந்த சிலிண்டரைச் சரிசெய்ய) 75,000 கேட்கிறார். இல்லாவிட்டால் இந்த வண்டியை 1.5 லட்சத்துக்கு எடுத்துக்கொண்டு, 4.2 லட்சத்துக்கு 27 எச்.பி. வண்டி தருகிறேன் என்கிறார். வாங்கும்போது மீட்டர் 1,840 மணி, இப்போது 2,390. மச்சானும் (மனைவியின் அண்ணன்) சித்தப்பாவும் டீசல் ஊற்றி அவ்வப்போது ஓட்டுவார்கள். மச்சானிடம் 5 அடி ரோட்டவேட்டர் (மண்ணைப் பொடியாக்கும் சுழல் கலப்பை) இருக்கிறது. நான் எதைச் செய்வது?

பதில்: ‘அவ்வப்போது’ என்று எழுதியிருக்கிறீர்கள். மீட்டர் அப்படிச் சொல்லவில்லையே. 8 மாதத்தில் 550 மணி நேரம் ஓடியிருக்கிறது. உங்கள் 4 ஏக்கருக்கு உழவு, பார் பிடிப்பது, தென்னைக்குள் ஓட்டுவது, மஞ்சள் ஏற்றுவது எல்லாம் தாராளமாகப் போட்டாலும் 200 மணி. மீதி 350 மணி உறவுக்காரர்களுக்கு ஓடியது. டீசல் நீங்கலாக மணிக்கு 400 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் 1.4 லட்சம். நீங்கள் கட்டிய எட்டுத் தவணையும் ரிப்பேர் செலவும் சேர்ந்தே 1.25 லட்சம்தான்.

டீசல் ஊற்றினால் கணக்கு முடிந்தது என்று அவர்கள் நினைக்கிறார்கள். ஆயில், கிளட்ச், டயர், தேய்மானம் எல்லாம் உங்கள் வீட்டு நகையிலிருந்து போகிறது. அதிலும் 5 அடி ரோட்டவேட்டர் 35, 40 எச்.பி. வண்டிக்கானது. 24 எச்.பி. வண்டிக்கு நாலடிதான் அதிகபட்சம். இரண்டு முறை கிளட்ச் போனதற்கு டீலரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

எக்ஸ்சேஞ்ச் பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள். ஃபிளாட் 14 என்பது குறையும் அசலுக்குப் பார்த்தால் ஏறக்குறைய 25 சதவீதம். 63,000 கட்டியும் அசலில் குறைந்தது 33,000 போலத்தான், இன்னும் 1.67 லட்சம் நிற்கிறது. வண்டியை 1.5 லட்சத்துக்குக் கொடுத்தால் பழைய கடனே தீராது. விட்டுப்போன 17,000-ஐயும் சேர்த்து 4.37 லட்சத்துக்குப் புதுக் கடன். அதே வட்டியில் 4 வருடம் போட்டாலும் மாதம் 14,200. மச்சான் அந்த 27 எச்.பி. வண்டியிலும் அதே ரோட்டவேட்டரைத்தான் மாட்டுவார்.

75,000-க்கும் அவசரப்படாதீர்கள். கரும்புகை என்றால் பெரும்பாலும் காற்று போதவில்லை, அல்லது டீசல் சரியாகத் தெளிக்கவில்லை. போர் தேய்ந்திருந்தால் நீலப்புகை வரும், ஆயில் குறையும். முதலில் ஏர் கிளீனரைக் கழற்றிப் பாருங்கள். ஆயில் கிண்ணம் உள்ள வகையானால் அதில் சேறு மாதிரி படிந்திருக்கும். ரோட்டவேட்டர் கிளப்பும் புழுதி அப்படி. அதைச் சுத்தம் செய்து, டீசல் தெளிக்கும் நாசிலை எடுத்து டீசல் பம்ப் கடையில் சோதிக்கச் சொல்லுங்கள். பிறகும் இழுவை வராவிட்டால், இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். குபுகுபுவென்று புகை தள்ளினால்தான் போர் பேச்சு. அப்போதும் டீலர் அல்லாத ஒரு மெக்கானிக்கிடம் விலை கேளுங்கள்.

நகையைக் கூட்டுறவுச் சங்கத்துக்கு மாற்ற முடியுமா என்று இந்த வாரமே விசாரியுங்கள். ஒன்றரை வட்டி வருடத்துக்கு 18 சதவீதம்.

மச்சானிடம் சொல்வது கஷ்டம், தெரிகிறது. “வண்டியை நானே ஓட்டி வருகிறேன், மணிக்கு 400, டீசல் உங்களது, ரோட்டவேட்டர் வேண்டாம்” என்று மட்டும் சொல்லுங்கள். உழவன் செயலியில் வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரையே வாடகைக்குப் பதிவு செய்யலாம். அவருக்கு வழியில்லாமல் போகாது. உங்கள் வாயில் வராவிட்டால் மனைவியைச் சொல்லச் சொல்லுங்கள். அவருக்கு அண்ணன்; அடகில் இருப்பதும் அவர் நகை.