மெர்லீன் ஓட்டி: ‘வெண்கல ராணி’ என்ற பட்டம் நியாயமா? – கேள்வி பதில்

ஜமைக்காவின் மெர்லீன் ஓட்டி 1980 முதல் 2004 வரை ஏழு ஒலிம்பிக்குகளில் ஓடியவர். அவரைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்:

கேள்வி: ஒன்பது ஒலிம்பிக் பதக்கங்கள், ஒரு தங்கம்கூட இல்லை. பெரிய மேடையில் தடுமாறுபவர் என்று சொல்லலாமா?

பதில்: சொல்லக் கூடாது. தடுமாறுபவர் எட்டாவதாக வருவார், இவரோ பெரும்பாலும் மேடையேறினார். மாஸ்கோவில் 200 மீட்டர் வெண்கலம், லாஸ் ஏஞ்சல்ஸில் 100, 200 இரண்டிலும் வெண்கலம், பார்சிலோனாவில் இன்னொன்று என்று சேர்ந்ததால் ‘வெண்கல ராணி’ ஆக்கிவிட்டார்கள். உலக சாம்பியன்ஷிப்பில் 3 தங்கம் உட்பட 14 பதக்கங்கள் வைத்திருப்பவருக்கு இது கஞ்சத்தனமான பட்டம்.

அவர் எதிர்கொண்டவர்களையும் பார்க்க வேண்டும். 1984-இல் ஈவ்லின் ஆஷ்ஃபோர்ட், வலேரி பிரிஸ்கோ-ஹுக்ஸ். 1988-இல் ஃப்ளோரன்ஸ் கிரிஃபித்-ஜாய்னர்; அந்த ஆண்டு ஓட்டிக்கு 200 மீட்டரில் நான்காம் இடம். அடுத்த பத்தாண்டில் கெயில் டெவர்ஸ், க்வென் டாரன்ஸ், மரி-ஜோஸ் பெரெக். தலைமுறை மாறிக்கொண்டே இருந்தது, எதிரே ஓட்டி மட்டும் மாறவில்லை.

கேள்வி: டெவர்ஸிடம் ஒரே நேரத்தில் ஓடியும் தோற்றாராமே? அது எப்படி?

பதில்: ஒரு முறையல்ல, இரண்டு முறை. 1993 ஸ்டுட்கார்ட் உலக சாம்பியன்ஷிப் 100 மீட்டரில் இருவருக்கும் 10.82 நொடி. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இருவருக்கும் 10.94. இரண்டிலும் தங்கம் டெவர்ஸுக்கு.

அறிவிக்கப்படும் நேரம் நொடியில் நூற்றில் ஒரு பங்கு வரைதான். அது சமமானால், கோட்டின் மீது நிறுத்திய கேமராவின் படத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு வரை படித்துப் பார்ப்பார்கள். தலை, கை, கால் எது முன்னால் நீட்டியிருந்தாலும் கணக்கில்லை. உடலின் நடுப்பகுதி, அதாவது மார்பு, கோட்டைத் தொட்ட கணமே கணக்கு. அதனால்தான் கடைசி அடியில் மார்பை முன்னே சாய்க்கிறார்கள். டெவர்ஸ் புறப்பாட்டில் புலி. ஓட்டி பின்பாதியில் விரட்டிப் பிடிப்பவர். கோடு இன்னும் ஒரு மீட்டர் தள்ளி இருந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் பந்தயம் 101 மீட்டர் இல்லையே.

கேள்வி: அவருக்கு அதிர்ஷ்டமே இல்லை என்பது உண்மைதானா?

பதில்: பாதி உண்மை. 1995 கோதென்பர்க் உலக சாம்பியன்ஷிப் 200 மீட்டரில் முதலில் வந்தவர் டாரன்ஸ். வளைவில் தன் ஓடுபாதையின் கோட்டை மிதித்ததற்காக அவர் நீக்கப்பட, தங்கம் ஓட்டிக்கு வந்தது. 1997 ஏதென்ஸ் உலக சாம்பியன்ஷிப்பில் நேர்மாறு. 100 மீட்டர் இறுதியில் தவறான புறப்பாட்டுக்காகத் துப்பாக்கி மறுபடி ஒலித்தது அவர் காதில் விழவில்லை. பாதித் தூரம் தனியாக முழு வேகத்தில் ஓடிவிட்டார். திரும்பி வந்து மீண்டும் ஓடியபோது ஏழாவது இடம்.

கேள்வி: நம் சுசந்திகாவுடன் ஓடியிருக்கிறாரா? (இலங்கை வாசகர்)

பதில்: அதே ஏதென்ஸில், சில நாட்கள் கழித்து. 200 மீட்டரில் உக்ரைனின் பின்துசேவிச் முதலிடம், சுசந்திகா ஜயசிங்க 22.39 நொடியில் வெள்ளி, ஓட்டி 22.40-இல் வெண்கலம். அப்போது ஓட்டிக்கு வயது 37. இன்னொரு தொடர்பும் உண்டு. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் மேரியன் ஜோன்ஸ் வென்ற பதக்கங்கள் ஊக்கமருந்துக் குற்றத்துக்காகப் பறிக்கப்பட்டபோது, 200 மீட்டரில் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியானது. 100 மீட்டரில் 11.19 நொடி ஓடி நான்காவதாக வந்திருந்த ஓட்டிக்கு வெண்கலம் கிடைத்தது. அந்த முடிவு வந்தது 2009-இல். ஓட்டிக்கு அப்போது 49 வயது.

கேள்வி: அவர் மீதே ஊக்கமருந்துப் புகார் இருந்ததே? ஏன் அதைப் பேசுவதில்லை?

பதில்: பேசுவோம். 1999-இல் லூசெர்னில் எடுத்த மாதிரியில் நான்ட்ரலோன் என்ற தடைசெய்யப்பட்ட ஊக்கமருந்து இருந்ததாக அறிவித்தார்கள். அந்த ஆண்டு உலக சாம்பியன்ஷிப்பை இழந்தார். தான் குற்றமற்றவர் என்றார். ஜமைக்கா தடகளச் சங்கம் அவரை விடுவித்தது, 2000-இல் தடையும் நீங்கியது.

எனக்கு அதைவிட நெருடுவது அடுத்து நடந்தது. ஜமைக்காவின் தகுதிப் போட்டியில் 100 மீட்டரில் ஓட்டி நான்காவதாகத்தான் வந்தார். முதலில் வந்த பீட்டா-கே டௌடியை நீக்கிவிட்டு அந்த இடத்தை ஓட்டிக்குக் கொடுத்தார்கள். சிட்னி ஒலிம்பிக் கிராமத்திலேயே சக வீரர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஓட்டி பதக்கத்துக்கு அருகில் வந்தது தேர்வாளர்களின் கணிப்பைச் சரியென்று காட்டலாம். டௌடிக்கு நடந்தது நியாயம் என்று ஆகிவிடாது.

அதே சிட்னியில் 4×100 தொடர் ஓட்டத்தில் 40 வயது ஓட்டியும் 18 வயது வெரோனிகா கேம்பெலும் ஒரே அணியில் வெள்ளி வென்றார்கள். ஓட்டிக்கு எட்டாத ஒலிம்பிக் தங்கத்தை 2004-இல் 200 மீட்டரில் கேம்பெல் வென்றார்.

கேள்வி: ஸ்லோவேனியாவுக்கு ஏன் போனார்?

பதில்: சில ஆண்டுகளாகவே அங்கே தங்கிப் பயிற்சி பெற்றுவந்தார், 2002-இல் குடியுரிமை பெற்றார். 2012 ஹெல்சின்கி ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் ஸ்லோவேனியத் தொடர் ஓட்ட அணியில் ஓடியபோது வயது 52.

கேள்வி: அவருடைய உலக சாதனை ஏதாவது இன்னும் நிற்கிறதா?

பதில்: உள்ளரங்கு 200 மீட்டர், 21.87 நொடி, பிரான்ஸின் லியேவன், பிப்ரவரி 1993. இன்னும் நிற்கிறது. ஆனால் ஒன்று: உள்ளரங்கில் வளைவுகள் இறுக்கமானவை, உள்பாதையில் ஓடுபவருக்குப் பாதகம் என்பதால் 2004-க்குப் பிறகு உலக உள்ளரங்கு சாம்பியன்ஷிப்பில் 200 மீட்டரே இல்லை. ஓடுபவர்கள் குறைந்ததும் சாதனை நீடிக்க ஒரு காரணம்.

கேள்வி: ஒரே ஒரு பந்தயம் பார்ப்பதென்றால் எது?

பதில்: 1993 ஸ்டுட்கார்ட், 200 மீட்டர். டெவர்ஸிடம் இமைப்பொழுதில் தோற்ற சில நாட்களில் ஓடியது. ஓட்டி 21.98, டாரன்ஸ் 22.00. தனிநபர் ஓட்டத்தில் அவருடைய முதல் உலகத் தங்கம், 33 வயதில்.