பாதிப் படம் சாம்பலாகத் தெரிகிறதா? பழுதுபார்ப்பது அப்புறம், முதலில் நகலெடுங்கள்

கேள்வி: லேப்டாப்பில் இடம் போதாமல் பல வருடப் படங்களை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றினேன். இப்போது சில ஃபோல்டர்கள் திறக்கவே வெகு நேரமாகிறது. சில படங்களின் கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறம். விண்டோஸின் டிஸ்க் சோதிக்கும் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டினால் சரியாகுமா? இனிமேல் கூகுள் டிரைவில் சிங்க் செய்தால் போதுமா?

பதில்: தயவுசெய்து செக்டிஸ்க்கை இப்போது ஓட்டாதீர்கள். அது ஃபைல் சிஸ்டத்தின், அதாவது எந்த ஃபைல் டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்ற கணக்கு வழக்கைச் சரிசெய்யுமே தவிர, கெட்டுப்போன படத்தை மீட்டுத் தராது. நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் டிஸ்க்கில் பேட் செக்டர்கள், அதாவது படிக்க முடியாமல் கெட்டுப்போன சிறு பகுதிகள், விழுந்திருக்கலாம். அந்த நிலையில் முழு ஸ்கேன் ஓட்டினால் மிச்ச ஆயுளும் அதிலேயே போய்விடலாம்.

கேபிளை மாற்றிப் பாருங்கள்; சில சமயம் கோளாறு அதில்தான் இருக்கும். அதற்குமேல் தாமதிக்காமல், திரும்ப எடுக்கவே முடியாத படங்களை முதலில் வேறொரு நல்ல டிஸ்க்குக்கு நகலெடுங்கள். விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கட்டளை இதற்கு உதவும். ஆனால் படிக்க முடியாத ஒரு ஃபைலை அது இயல்பாக 30 நொடி இடைவெளியில் 10 லட்சம் முறை மறுபடி முயன்றுகொண்டே இருக்கும்! மறுமுயற்சியை 1 என்று குறைத்துவிட்டு ஓட்டுங்கள். டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் உடனே கழற்றிவிட்டு, டேட்டா ரெகவரி செய்பவரிடம் கொடுங்கள்.

அந்தச் சாம்பல் நிறம் எப்படி வருகிறது? ஜேபெக் படம் மேலிருந்து கீழாக வரிசையாக விரியும். நடுவில் ஒரு செக்டர், அதாவது இன்றைய பெரும்பாலான டிஸ்க்குகளில் வெறும் 4 கிலோபைட், படிக்க முடியாமல் போனாலும் அதற்குக் கீழுள்ள பகுதி முழுவதும் குலைந்துவிடலாம். பழைய மெமரி கார்டிலோ, வாட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்பியதிலோ அதே படம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

சிங்க் விஷயத்துக்கு வருவோம். லேப்டாப்பில் ஒரு படத்தை அழித்தால் டிரைவிலும் அழியும். குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் இருக்கும். ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய மென்பொருள், பூட்டிய ஃபைலும் அப்படியே மேலே போய்ச் சேரும். அதனால் சிங்க்கை மட்டும் நம்பாதீர்கள். மொத்தம் மூன்று பிரதிகள் வேண்டும்: லேப்டாப்பில் அல்லது முதன்மை டிஸ்க்கில் ஒன்று, நகலெடுக்கும்போது மட்டும் செருகும் டிஸ்க்கில் ஒன்று, வீட்டுக்கு வெளியே ஒன்று. அந்த மூன்றாவது கூகுள் டிரைவாகவே இருக்கட்டும்.

இரண்டாவது டிஸ்க்குக்கு விண்டோஸின் ஃபைல் ஹிஸ்டரியைப் பயன்படுத்துங்கள். மேக் என்றால் டைம் மெஷின். இவை பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும். ஒரு படம் கெட்டதை ஆறு மாதம் கழித்துக் கவனித்தாலும் நல்ல பதிப்புக்குத் திரும்ப இதுதான் வழி. அலமாரியில் வருடக்கணக்கில் வைக்க எஸ்எஸ்டி (சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) வாங்காதீர்கள், மின்சாரம் இல்லாமல் கிடந்தால் அதில் தரவு மெல்ல மங்கும்.

மாதம் ஒருமுறை பேக்கப்பிலிருந்து நாலைந்து படங்களை வேறு ஃபோல்டருக்கு மீட்டுத் திறந்து பாருங்கள். பழைய டிஸ்க்கை, புதிய பிரதிகளை இப்படிச் சோதித்து முடிக்கும்வரை தூக்கிப்போட வேண்டாம். ஆனால் அதில் இனி எதையும் எழுதாதீர்கள்.