மூட்டுக்குள் வெளிச்சம் பாய்ச்சிப் பார்க்கும் படிப்பு எங்கே இருக்கிறது?

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் மகளுக்கு நீட்டில் மார்க் போதவில்லை. இன்னொரு வருடம் கோச்சிங் போக மாட்டேன் என்கிறாள். மூட்டுத் தேய்மானத்தை வெளிச்சத்தால் கண்டுபிடிக்கும் படிப்புதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அப்படி ஒரு படிப்பு உண்டா, படித்தால் வேலை கிடைக்குமா? இவ்வளவுதானே கேள்வி.

அந்தப் பெயரில் டிகிரி தேடாதீர்கள். ஆனால் அவள் சொல்லும் விஷயம் கற்பனை இல்லை.

உங்கள் முழங்காலையே எடுத்துக்கொள்வோம். எக்ஸ்ரே பார்த்து "இடைவெளி குறைஞ்சிருக்கு" என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எக்ஸ்ரேயில் தெரிவது எலும்புதான். எலும்பு முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு, நம் ஊரில் ஜவ்வு என்று சொல்வது, அதில் தெரியாது. அந்த இடம் கறுப்பாக இருக்கும். இடைவெளி குறைந்து தெரிகிறது என்றால் ஜவ்வு ஏற்கெனவே நிறையத் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதில் நரம்பும் கிடையாது, அதனால் ஆரம்பத்தில் வலிக்கவும் வலிக்காது.

தேய்வதற்கு முன்னால் அது உள்ளுக்குள் மாறுகிறது. கொலாஜன் நார்ப் பின்னல் தளர்கிறது, தண்ணீரைப் பிடித்துவைக்கும் புரோட்டியோகிளைக்கான் குறைகிறது. இந்த மாற்றத்தை ஒளியால் உணர முடியுமா என்பதுதான் உங்கள் மகளின் ஆசைக்குப் பின்னால் இருக்கும் ஆராய்ச்சி. கண் ஆஸ்பத்திரியில் தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, சின்ன விளக்கைப் பார்க்கச் சொல்லி ஸ்கேன் எடுப்பார்களே, அந்த ஓசிடி (ஆப்டிகல் கோஹரன்ஸ் டோமோகிராஃபி) 1991இல் வந்த முறை. திரும்பி வரும் ஒளியை வைத்து, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுக்கு நுணுக்கமாகப் படம் போடும். அதே முறையை ஜவ்விலும் முயன்றிருக்கிறார்கள். ஒளி ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் உள்ளே போகும். முழங்கால் ஜவ்வின் தடிமன் சுமார் இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர். மேலடுக்கு தெரிந்தாலே ஆரம்பக் கோளாறு பற்றி நிறையச் சொல்லிவிடலாம்.

சிக்கல் என்னவென்றால், கண் தெளிவாக ஒளியை உள்ளே விடும், முழங்கால் அப்படி இல்லை. தோலும் கொழுப்பும் ஒளியைச் சிதறடித்துவிடும். அதனால் இப்போதைக்குப் பெரும்பாலும் ஆர்த்ரோஸ்கோபி, அதாவது மூட்டுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சிகிச்சை, செய்யும்போது, சின்னத் துளை வழியாகக் கருவியை உள்ளே விட்டுத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. விரல் மூட்டு என்றால் மெல்லியது, ஒரு பக்கம் அடித்த ஒளி மறுபக்கம் வரும், வெளியிலிருந்தே முயலலாம். ஆனால் முழங்காலை வெளியிலிருந்தே பார்க்க நல்ல வழி இன்னும் அமையவில்லை. எலும்பு மூட்டு மருத்துவமனைகளில் சீட்டு எழுதிக் கொடுக்கும் டெஸ்டாகவும் இது இன்னும் ஆகவில்லை. ஆகவே இந்தப் பெயரில் வேலை விளம்பரமும் தேடாதீர்கள்.

சரி, என்ன சேர்ப்பது? இது பாதி இயற்பியல், கால்வாசி எலக்ட்ரானிக்ஸும் கம்ப்யூட்டரும், மீதிதான் உடற்கூறு. உயிரியலை மட்டும் நம்பி உள்ளே நுழைய முடியாது. அவள் பயோ-மேத்ஸ் குரூப் என்று எழுதியிருந்தீர்கள், பிழைத்தோம். தமிழ்நாடு பொறியியல் கவுன்சிலிங்கில் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் எடுக்கலாம். கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கட்-ஆஃப் போடுவார்கள், உயிரியல் மார்க் சேராது. நல்ல கல்லூரியில் பயோமெடிக்கல் கிடைக்காவிட்டால், சுமாரான கல்லூரியில் அதையே பிடித்துத் தொங்குவதைவிட நல்ல கல்லூரியில் இசிஇ (எலக்ட்ரானிக்ஸ், தகவல்தொடர்பு) மேல். பி.எஸ்ஸி. இயற்பியலைக் குறைவாக நினைக்க வேண்டாம். இந்தத் துறையில் இயற்பியல் படித்தவர்கள் நிறைய. கொச்சின் பல்கலைக்கழகத்தில் ஃபோட்டோனிக்ஸுக்கு, அதாவது ஒளியைக் கையாளும் அறிவியலுக்கு, ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்ஸி. இருக்கிறது, தனி நுழைவுத்தேர்வு. பி.இ. முடித்துவிட்டு மருத்துவமனைச் சூழலில் படிக்க ஆசைப்பட்டால், ஐஐடி மெட்ராஸ், வேலூர் சிஎம்சி, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் மூன்றும் சேர்ந்து நடத்தும் கிளினிக்கல் இன்ஜினியரிங் எம்.டெக். உண்டு. குருத்தெலும்பையும் ஒளியையும் சேர்த்து முனைவர் பட்டம் என்றால் பின்லாந்தின் குவோபியோ, ஔலு நகரங்களின் பல்கலைக்கழகங்களில் இதற்கென்றே குழுக்கள் இருக்கின்றன. அங்கே முனைவர் படிப்புக்குக் கட்டணம் இல்லை.

கல்லூரி பார்க்கப் போனால் பிராஸ்பெக்டஸ் படத்தைப் பார்க்காதீர்கள், லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு கல்லூரியில் நான் பார்த்த லேசர் கருவியின் மேல் கம்பெனி பாலிதீன் உறை பிரிக்காமல் இருந்தது. உறை மேல் தூசி வேறு.

வேலை விஷயத்தில் மழுப்ப மாட்டேன். பயோமெடிக்கல் பி.இ. முடித்த உடனே கிடைப்பவற்றில் முக்கால்வாசி ஆஸ்பத்திரிக் கருவிகளின் பராமரிப்பு, சர்வீஸ், விற்பனை. ஆரம்பச் சம்பளம் சாஃப்ட்வேர்காரர்களைப் பார்த்துப் பெருமூச்சு விடும் அளவில்தான் இருக்கும். ஆராய்ச்சி வரை போக பி.இ., எம்.டெக்., பிஎச்.டி. என்று பத்து வருடம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நான்கைந்து வருடம் உதவித்தொகையில் ஓடிவிடும். நடுவில் மனம் மாறினால் சிக்னல் பிராசஸிங்கும் பைத்தான் கோடிங்கும் தெரிந்த பெண்ணுக்கு வேறு கதவுகள் திறக்கும். அதனால் அவற்றை முதல் வருடமே தொடங்கச் சொல்லுங்கள். கவுன்சிலிங் பட்டியலை நிரப்பும்போது "டாக்டருக்கு அடுத்தது" என்று மட்டும் இதை எடுக்க வேண்டாம். ஸ்டெதாஸ்கோப் போடாத வேலை இது, ஏமாற்றமாகப் போய்விடும்.

அதற்கு முன் ஒரு சின்னக் காரியம். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, ஃபோன் டார்ச் மேல் அவளை விரலை அழுத்தச் சொல்லுங்கள். விரல் சிவப்பாக ஒளிரும். "ஏன் சிவப்பு மட்டும் வருது, நீலம் எங்கே போச்சு?" என்று கேட்டாளானால் (இரத்தம் அதை விழுங்கிவிடுகிறது, சொல்லிவிடாதீர்கள்) இயற்பியல் பக்கம் தைரியமாக அனுப்பலாம். விளக்கை மறந்துவிட்டு, "அம்மா, உனக்கு எப்போ வலி குறையும்?" என்பதிலேயே அவள் மனம் நின்றால், பிசியோதெரபியைப் பற்றி முதலில் பேசுவோம். தேய்ந்த ஜவ்வைத் திரும்ப வளர்க்க நம்பிச் சாப்பிடும் மாத்திரை இன்றைக்கு இல்லை. எடையைக் குறைப்பதும் தொடைத் தசைப் பயிற்சியும்தான் கைகொடுக்கின்றன. அந்தப் பயிற்சியைச் சொல்லித்தரும் கைகளுக்கும் நம் ஊரில் தேவை நிறைய.

சனிக்கிழமை இரண்டு பேரும் வாருங்கள். மார்க் ஷீட்டோடு உங்கள் முழங்கால் எக்ஸ்ரேயையும் எடுத்து வாருங்கள். அந்தக் கறுப்பு இடைவெளியை அவளுக்குக் காட்ட வேண்டும்.