அப்பா, அம்மா இரண்டுமே கருப்பு லேப்ரடார். குட்டி மட்டும் மஞ்சளாகப் பிறக்குமா?

தாராளமாகப் பிறக்கும். "நாட்டு நாய் கலந்திருக்கு, பணத்தைத் திருப்பிக் கேளுங்க" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள், தயவுசெய்து அதை நம்பிக் குட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

நாய் முடியில் இருப்பது இரண்டே வகை நிறமிதான். ஒன்று யூமெலனின், அது கருப்போ பழுப்போ தரும். இன்னொன்று பியோமெலனின், மஞ்சளிலிருந்து சிவப்பு வரை எல்லாம் அதனுடையது. எம்சி1ஆர் என்ற மரபணு வேலை செய்தால்தான் முடியில் யூமெலனின் ஏறும். இந்த மரபணு தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று குட்டிக்கு இரண்டு பிரதி வருகிறது, அதில் ஒன்று பழுதானாலும் மற்றது போதும், நாய் அட்டைக் கருப்பாகவே இருக்கும். இரண்டுமே பழுதாக அமைந்தால்தான் மஞ்சள். அப்படி ஆளுக்கொரு பழுதுப் பிரதியை வெளியே தெரியாமல் வைத்திருக்கும் இரண்டு கருப்பு நாய்கள் சேர்ந்தால், பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு மஞ்சளாக. 1899-ல் இங்கிலாந்தில் பிறந்த பென் ஆஃப் ஹைடு என்ற நாயைத்தான் பதிவான முதல் மஞ்சள் லேப்ரடார் என்பார்கள், அதன் தாய் தகப்பன் இரண்டும் கருப்பு.

அப்புறம் அந்த நாட்டு நாய் சந்தேகம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கணும், ஏனென்றால் கணக்கு நேர் எதிராகப் போகிறது. லேப்ரடாருக்குச் சிபிடி103 என்ற இன்னொரு மரபணுவில் ‘ஓங்கு கருப்பு’ என்ற வடிவம் இருக்கிறது, பெரும்பாலும் இரண்டு பிரதியும் அதுதான். எம்சி1ஆர் இரண்டும் பழுதானால் மட்டும் இதுவும் பலிக்காது, குட்டி மஞ்சள்தான். தெருவில் பார்க்கும் செவலை நாய்களுக்கு அந்த நிறம் பெரும்பாலும் அகூட்டி என்ற வேறொரு மரபணுவால் வருவது, ஓங்கு கருப்பு ஒரு பிரதி வந்தாலே அது அமுங்கிவிடும். ஆக, செவலை நாய் ஒன்று உள்ளே புகுந்திருந்தால் குட்டிகள் பெரும்பாலும் கருப்பாகத்தான் பிறந்திருக்கும்!

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். எம்சி1ஆர் வழியாக வந்த மஞ்சள் என்றால் உடம்பில் ஒரு கருப்பு முடிகூட இருக்காது, காது ஓரம், வால் நுனி எல்லாம் பாருங்கள். மூக்கு கருப்பாக இருப்பது வேறு விஷயம், அது தோல், அங்கே யூமெலனினுக்குத் தடை இல்லை. மூக்கும் கண் இமை ஓரமும் பழுப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம், சாக்லேட் நிறம் தரும் டிஒய்ஆர்பி1 மரபணுவின் மாறிய வடிவமும் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சந்தேகப்பட வேண்டிய இடம் வேறு. மஞ்சளும் மஞ்சளும் சேர்ந்து கருப்புக் குட்டி, இல்லை சாக்லேட்டும் சாக்லேட்டும் சேர்ந்து கருப்புக் குட்டி என்றால் குட்டியை விற்ற பிரீடரிடம் கட்டாயம் கேளுங்கள், ஒரே ஈற்றில் இரண்டு தகப்பன் இருப்பது நாய்களில் நடக்கக்கூடியதுதான்.

அப்படியும் மனசு ஆறவில்லையா, கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் துடைத்து எடுக்கும் மாதிரியை வைத்தே டிஎன்ஏ பரிசோதனையில் தகப்பன் யார் என்று பார்த்துவிடலாம், தாய் தகப்பன் மாதிரியும் சேர்த்துக் கொடுக்கணும். பிரீடரிடம் போகும்போது இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்களா என்றும் கேட்டுவிடுங்கள், லேப்ரடாரில் இடுப்பு மூட்டுக் கோளாறு தாய் தகப்பன் வழியாக வருவது சகஜம்.