மணி எப்போது அடிக்கும்?

வணக்கம் ஐயா,

வாரம் ஒருமுறை நற்கருணை ஆராதனைக்கு, அதாவது ஆண்டவரின் உடலாக மாறிய அப்பத்தின் முன் அமர்ந்து ஜெபிக்க, போகிறேன். முதல் பத்து நிமிடம் ஜெபிக்கிறேன், அப்புறம் மனசு எங்கெங்கோ ஓடிவிடுகிறது, கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் கண்ணீர் விடுகிறார்கள், எனக்கு ஒன்றுமே தோன்றுவதில்லை. ஆண்டவர் முன்னால் இப்படி உட்கார்ந்திருப்பது அவமரியாதை இல்லையா? போகாமல் இருப்பதே மேலோ என்று நினைக்கிறேன்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள வாசகிக்கு,

போங்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கடிகார விஷயத்தில் உங்களுக்கு முன்னோடி ஒருவர் இருக்கிறார், அவிலாவின் புனித தெரேசா. 16-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினின் கார்மேல் சபைத் துறவி, 1970-ல் மறைவல்லுநராக (திருச்சபை தன் தலைசிறந்த ஆசிரியர்களுக்குத் தரும் பட்டம்) அறிவிக்கப்பட்டவர், ஜெபத்தைப் பற்றி எழுதியவர்களில் அவருக்கு மேல் ஆளில்லை என்பது என் கட்சி. அவரே தன் வாழ்க்கையைச் சொல்லும்போது ஒத்துக்கொள்கிறார்: சில ஆண்டுகள், ஜெபத்தில் நிலைத்திருப்பதைவிட அந்த ஒரு மணி நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்பதில்தான் தன் காது இருந்தது என்று. ஜெப அறைக்குள் நுழையும்போதே சோர்வு கவ்வுமாம், இருக்கிற தைரியத்தையெல்லாம் திரட்டித்தான் உள்ளே போவாராம். ஆனால் போனார். ஆசையோடு போன நாட்களைவிட இப்படித் தன்னைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போன நாட்களில் சில சமயம் கூடுதல் அமைதி கிடைத்தது என்றும் எழுதியிருக்கிறார்.

நீங்கள் மரியாதையையும் உணர்ச்சியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள். திருச்சபை நம்மிடம் கேட்பது ரொம்ப எளிமையானது: நற்கருணை வைத்திருக்கும் பேழைக்கு முன்னால் வலது முழங்காலைத் தரையில் பதித்து எழுந்திரு, அணையா விளக்கு எரிகிறது என்றால் ஆண்டவர் அங்கே இருக்கிறார், பேச்சைக் குறை. இதில் எதற்கும் கண்ணீர் தேவையில்லை. (நிமிடத்துக்கு ஒரு பாட்டு, நடுவில் மைக்கில் பிரசங்கம் என்று ஆராதனையை நிரப்பிவிடுகிறோமே, அதுதான் எனக்கு அவமரியாதையாகத் தெரிகிறது. சரி, அது வேறு சண்டை.)

லூக்கா நற்செய்தியில் அன்னா என்று ஒரு கைம்பெண் வருகிறார், வயது 84, கோவிலை விட்டு நீங்காமல் அல்லும் பகலும் நோன்பிருந்து மன்றாடியவர். அத்தனை ஆண்டுகளில் ஒன்றும் நடக்காமல் போன நாட்கள் எத்தனை இருந்திருக்கும்! கடைசியில் வந்ததும் இடி மின்னலோடு வரவில்லை, இரண்டு பறவைகளைக் காணிக்கை கொடுக்கிற அளவுக்கே வசதியுள்ள ஒரு தம்பதி தூக்கிவந்த கைக்குழந்தை இயேசு. அங்கேயே கிடந்தவர் என்பதால் அவர் கண்ணில் பட்டது.

மனசு ஓடினால் ஓடட்டும். கடன், பிள்ளையின் காய்ச்சல், யாரோ சொன்ன சுடுசொல், எங்கே போய் நிற்கிறதோ அதையே ஆண்டவரிடம் சொல்லுங்கள். முழங்கால் வலித்தால் உட்காருங்கள். கடிகாரத்தை மட்டும் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுங்கள், நிறைவாக நற்கருணை ஆசீர் கொடுக்கச் சாமியார் எழுந்து வரும்போது நேரம் முடிந்தது தானாகத் தெரிந்துவிடும்.